பதினோரு வீடு பார்த்த பச்சைத் துணி

கோமளம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தாள். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கைத் துணியை அலமாரியில் வைத்தாள்.

"இது எனக்குப் பதினோராவது வீடு," என்று பச்சைத் துணி பக்கத்திலிருந்த தலையணை உறையிடம் பெருமையடித்துக்கொண்டது. "எல்லாரும் என்னைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த விசேஷத்தில் அப்படியே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். உனக்கு என்னக்கா, உடம்பெல்லாம் ஒட்டு?"

"நான் புடவையாக இருந்தவள். கிழிந்ததும் பாவாடையானேன், அப்புறம் உறையானேன். அது போகட்டும், உன்னை யாராவது தைத்துப் போட்டார்களாடி?"

பச்சைத் துணியின் குரல் இறங்கிவிட்டது. "அதுதான் அக்கா என் ஆசையே. ஒரே ஒரு நாள் யார் தோளிலாவது உட்கார வேண்டும்."

வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் கிளம்பும்போது கோமளத்தின் பச்சை ரவிக்கை கையிடுக்கில் கிழிந்தது. அவள் ஓடி வந்து, ஒட்டுப்போட பச்சைத் துணியை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். நிறம் அப்படியே ஒத்துப்போனது.

"வெட்டு தாயே, வெட்டு!" என்று துணி துடித்தது.

"புதுத் துணியாச்சே, வெட்ட மனசு வரலையே," என்று கோமளம் அதை மடித்து வைத்தாள். தலையணை உறையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தைத்துக்கொண்டாள்.

அந்தத் துண்டு அம்மனைக் கண் குளிரப் பார்த்துவிட்டு வந்தது.

பச்சைத் துணி அடுத்த வாரமே ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனது. அந்த வீட்டு அம்மாள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைக் கடையில் முதன்முதலாக வாங்கியவள். அவளுக்கு நினைவில்லை.

"அட, நல்ல பச்சையா இருக்கே!" என்றாள். "யாருக்காவது வச்சுக் கொடுக்கலாம்."