பெரிய சைஸ் ரப்பர்

"கொஞ்சம் மெதுவாப் பேசு சொர்ணம். அக்கா காதுல விழப் போவுது" என்றான் உலகநாதன்.

"விழுந்தாத்தானே? ஊடே இடிஞ்சு விழுந்தாலும் உங்க அக்காவுக்குக் கேக்காது. அதான் வாக்மேன் கீதே!"

கோவில்பதாகையில் அவர்கள் குடியிருந்தது ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அறையின் நடுவே பீரோவை நிறுத்தி, மிச்ச இடத்துக்குப் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம், கல்யாணமாகி வருஷம் திரும்பாத சொர்ணமும் உலகநாதனும். அந்தப் பக்கம், அவன் அக்கா தாட்சாயிணி.

தாட்சாயிணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்து, தாய் தகப்பன் இல்லாத தம்பியை ஆளாக்கியவள்.

சாயங்காலம் வருவாள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். ஜன்னலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இயர்போனை இரண்டு காதிலும் அழுத்திச் செருகி, பட்டனை டக்கென்று அமுக்குவாள். அவ்வளவுதான். கண்கள் பாதி மூடிவிடும். ஏரிக் காற்று முகத்தில் அடிக்க, அவள் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருப்பாள்.

"அண்ணி, தண்ணி வேணுமா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் பதில் வராது.

சொர்ணத்துக்கு அது திமிராகப் பட்டது.

"நான் வந்ததே அவங்களுக்குப் புடிக்கல. அதான் மூஞ்சியத் திருப்பிக்கினு உக்காந்துகீறாங்க" என்று திரைக்குப் பின்னால் தினமும் புலம்பினாள். "புருஷன் புள்ளைன்னு இருந்தா மனசுல ஈரம் இருக்கும்" என்றுகூட ஒரு நாள் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

ஒரு காலையில் தாட்சாயிணி காதுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். காதுத் துவாரம் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னா அண்ணி இது?"

"இயர்போன் ரப்பர் கொஞ்சம் இறுக்கமாக் கீதும்மா. பழகிடும்."

சொர்ணத்துக்கு மனசு கேட்கவில்லை. பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போனபோது, ரேடியோ சாமான் விற்கும் ஹபிபுல்லா பாய் கடையில் நின்றாள்.

பாய் உள்ளங்கையில் இயர்போன் முனைக்கு மாட்டும் பஞ்சும் ரப்பருமாக நாலைந்தைப் பரப்பிக் காட்டினார்.

"இந்தப் பஞ்சு போட்டா காது நோவாது. ஆனா ரோட்டுச் சத்தம் பூரா உள்ள வந்துடும், பாட்டு எங்கியோ தூரத்துல பாடுறாப்ல இருக்கும். சின்ன ரப்பர் நழுவி நழுவி விழும், தபேலாச் சத்தமே எடுக்காது. பெரிசு போட்டா தபேலா நெஞ்சுலயே அடிக்கும், ஆனா காது புண்ணாயிடும். நடு சைஸ் வாங்கிக்கினு போம்மா. மெத்துனு உக்காரும், பாட்டு தேனாட்டம் எறங்கும்."

அன்றைக்கே தாட்சாயிணி அதை மாட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லாக் கீது சொர்ணம். பாட்டு அப்பிடியே தேனாட்டம்தான் கீது."

மறுநாள் சாயங்காலம் பார்த்தால், மறுபடி அந்தப் பெரிய ரப்பர்தான்.

சொர்ணத்துக்குச் சுருக்கென்றது. "நான் வாங்கிக் குடுத்தா அவ்ளோ எளக்காரம்! இனிமே இங்க முடியாது. நெமிலிச்சேரியில தனியா ஊடு பாருங்க."

உலகநாதன் எவ்வளவோ சமாதானம் சொன்னான். கடைசியில், "சரி, ஞாயித்துக்கெழமை போய்ப் பாக்கலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை. அவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். தாட்சாயிணி பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் வாக்மேன்.

அப்படி என்னதான் பாடுது இதில்? சொர்ணம் எடுத்துக் காதுகளில் செருகினாள்.

பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், குழாயடிச் சண்டை, தூரத்து ரயில், எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தன. தன் மூச்சு மட்டும் அலை மாதிரி வந்து வந்து போயிற்று. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கேயோ நிற்பது போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஓசையில்லாமல் ஆடியது.

பட்டனை அமுக்கினாள். டக்.

பாட்டு வரவில்லை.

திருப்பிப் பின்மூடியைத் திறந்தாள். பேட்டரியே இல்லை. ஸ்பிரிங்குகளில் துரு ஏறியிருந்தது.

அப்படியென்றால், இத்தனை மாதமாக, திரைக்கு இந்தப் பக்கம் பேசியதெல்லாம்?

தோளில் ஒரு கை பட்டது. தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். ஈரத் தலையோடு தாட்சாயிணி. உதடுகள் அசைந்தன, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. தாட்சாயிணியே சிரித்துக்கொண்டு அவள் காதிலிருந்து ரப்பரைப் பிடுங்கினாள்.

"எத்தினி தாட்டி கூப்புட்டேன். கேக்கல இல்ல?"

"அண்ணி... இதுல பாட்டே வரலியே?"

"உன் கல்யாண வேலையில கீழ போட்டு ஒடச்சிட்டேன்." தாட்சாயிணி குரலைத் தாழ்த்தினாள். "தம்பிகிட்ட சொல்லிடாத. இருக்கறது ஒரே ரூம்பு. புதுசாக் கட்டிக்கினவங்க, சிரிப்பீங்க, சண்டை போடுவீங்க. நான் ஒருத்தி பக்கத்துல கீறேன்னு கூச்சப்படலாமா? பாட்டு கேக்கறேன்னு நெனச்சாத்தான் தாராளமாப் பேசிப்பீங்க. நீ வாங்கியாந்தது மெத்துனுதான் இருந்திச்சி. ஆனா உன் சிரிப்பு உள்ள வந்திடிச்சி. அது தப்பில்ல? அதான் உடனே மாத்திட்டேன். இந்தப் பெரிசு போட்டா ஒரு வார்த்தைகூட உள்ள வராது."

சொர்ணத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

தாட்சாயிணி பதறிப் போய்த் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்தாள்.

"ஐய, இதுக்குப் போய் ஏன்டி அழுவுற? நான் கேக்கக் கூடாத மாதிரி அப்பிடி இன்னாத்தப் பேசிட்டீங்க?"