சைக்கிள்காரி எடுத்த படம்

இந்தக் காலத்தில் கேட்டுச் செய்யும் பழக்கமே யாருக்கும் இல்லை. ஒரு சைக்கிளும் கழுத்தில் ஒரு கேமராவும் இருந்தால் போதும், ஊரார் வீட்டு வாசலெல்லாம் இவர்கள் சொத்து.

பிரன்ஸ்விக் பேட்டையின் ஒரு தெருமுனையில் அப்படி வந்த மார்னியின் சைக்கிளைக் கிரேக்கக் கிழவர் லெஃப்டேரிஸ் மறித்தார்.

"நில்லும்மா. காலையிலேருந்து எங்கெல்லாம் சுத்தினே?"

"பக்கத்துப் பேட்டைங்க, கார்ல்டன், ஃபிட்ஸ்ராய். பழைய தெருக்களைப் படம் எடுக்கறேன் தாத்தா."

"காட்டு, எல்லாத்தையும்."

"எதையும் அழிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அழிக்கச் சொன்னேனா? தள்ளு."

கேமராத் திரையில் இத்தாலியர் காபிக்கடை வந்தது. "வேண்டாம்." பழைய தேவாலயம் வந்தது. "செங்கல்லைப் போய் எடுத்திருக்கே பாரு! தள்ளு."

அடுத்த படத்தில் வயதான அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு குனிந்திருந்தாள். கிழவர் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

"இது எப்போ?"

"அரைமணி முன்னாடி, ஃபிட்ஸ்ராய்ல. கிரேக்க அம்மாங்க வீட்டு வாசலைத் தினம் பெருக்குவாங்களே, அதான் எடுத்தேன்."

"அது அவ வீடில்ல. நாப்பது வருஷம் முன்னாடி நாங்க வாடகைக்கு இருந்த வீடு. அவ என் பொஞ்சாதி எவ்தோகியா. நினைவு தப்பிப்போச்சு. விடிஞ்சதுலேருந்து தேடறேன்."

மார்னி சைக்கிளைத் திருப்பினாள். "நான் போய் அவங்க கூடவே நிக்கறேன். நீங்க இங்கேயே இருங்க, கூட்டிட்டு வர்றேன்."

"போ, போ. தெரு முழுக்கப் பெருக்காம அவ நகர மாட்டா."

அவள் பறந்தாள். "உன்னை நம்பி நான் நிக்கறதாவது" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவர் ஃபிட்ஸ்ராய் போகும் டிராமைப் பிடிக்க நிறுத்தத்துக்கு நடந்தார்.