சிவப்பு விளக்கு எரிந்தால்

தேரிக்காட்டின் செம்மணலில் விண்வெளி உடைக்குள் இசக்கியம்மாள் மல்லாந்து கிடந்தாள். அவளுக்குக் கால் முறிந்துவிட்டதாகப் பாவனை. ஜோடியாகப் போகும் இருவரிடமும் மீதமுள்ள பிராணவாயுவைக் கணக்கிட்டு, விழுந்தவரைத் தூக்கி வருவதா, விட்டுவிட்டு வருவதா என்று சொல்லும் கைப்பட்டையைத்தான் அந்தப் பொறியியல் மாணவிகள் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய ஜோடியான ஜெசிந்தாவின் மணிக்கட்டுப் பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. விட்டுவிட்டு வா என்று அர்த்தம். நான்கு வருடமாக இசக்கியோடு ஒரே விடுதி அறையில் இருப்பவள், ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

மற்ற ஜோடிகளில் ஒருத்தி அழுதிருந்தாள், இன்னொருத்தி பட்டையையே கழற்றி எறிந்திருந்தாள். "நாலே செகண்டுல திரும்பிட்டா! செவ்வாய் கிரகத்துக்கு இவங்க ரெண்டு பேர் பேரையும்தான் எழுதி அனுப்பப்போறேன்" என்று பேராசிரியர் கைதட்டினார்.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் இசக்கி கேட்டாள். "ஏட்டி, நாலு செகண்டுதானா நான்?"

"யோசிச்சா கால் நகராதுன்னுதான்ட்டி உடனே திரும்பிட்டேன். வெறும் டெஸ்ட்டுக்குப் போயி மூஞ்சத் தூக்காத."

"அங்க போனாலும் இதே பட்டையத்தானட்டி கட்டிவிடுவாவ?"

ஜெசிந்தா மணிக்கட்டிலிருந்து பட்டையை அவிழ்த்தாள்.

மாலையில் இசக்கி கல்லூரி வேனில் ஏறியபோது, ஜெசிந்தா வழக்கம்போலத் தன் பக்கத்து ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். பின்னால் வேறு இருக்கைகளும் காலியாக இருந்தன. இசக்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கைக்குட்டையையே பார்த்து நின்றாள். கடைசியில் அதை எடுத்து மடித்து, ஜெசிந்தாவின் மடியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்கு நான்கு நொடிக்கு மேல் ஆனது. இருவருமே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.