பீரங்கிகள் ஓய்ந்த பகல்

அமெரிக்காவின் தெற்கே, விக்ஸ்பர்க் நகரத்தின் பக்கம் வாரக்கணக்காக முழங்கிய பீரங்கிகள் இன்று காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. பருத்திக் காட்டின் மேல் வெயில் வெள்ளையாய்க் கொதிக்கிறது. கொல்லையில் அடிமைப்பெண் கெசியா, எஜமானரின் சாம்பல் நிறத் தெற்குப் பட்டாளச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். வேலிக்கு அப்பால் புழுதி எழுகிறது. அடிமைகளை விடுவிக்கப் போரிடும் வடக்கு மாநிலப் படையின் நீலச் சட்டைக்காரர்கள் வருகிறார்கள். முன்வரிசையில் நடப்பவர்களின் முகங்கள் அவள் முகத்தைப் போலவே கறுப்பு. அவள் கை நின்றுவிடுகிறது.

"என்னடி வாயப் பொளந்துட்டு நிக்கிற? துவை!" தாழ்வாரத்திலிருந்து எஜமானி கத்துகிறாள். கங்காணி சவுக்கோடு ஓடிவந்து வெளிவாசலை மறிக்கிறான். கெசியா நுரை வழியும் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக அவனிடம் நடக்கிறாள்.

"வழிய விடு."

"தோல உரிச்சிடுவேன்டி!"

"உரி. அவங்களும் பாக்கட்டும்."

சவுக்கு உயர்கிறது. சாலையில் காலடிச் சத்தம் சட்டென நிற்கிறது. துப்பாக்கிகள் தோள்களிலிருந்து இறங்குகின்றன. கங்காணியின் கை மெல்லத் தாழ்கிறது. அவன் ஒதுங்கிக்கொள்கிறான்.

"போனா சாப்பாட்டுக்கு என்னடி செய்வ?" எஜமானியின் குரல் உடைகிறது.

"இத்தன வருஷமா உங்களுக்கே நான்தானம்மா ஆக்கிப் போட்டேன்."

திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கெசியா வாசல் கதவை அகலத் திறக்கிறாள்.