ரெக்கார்டிங்கில் ஒரு செருப்பு

அன்பரே, நீங்கள் கடைசியாக யாருக்குப் புத்திமதி சொன்னீர்கள்? அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா, அல்லது உங்கள் குரலின் அழகில் நீங்களே மயங்கி நின்றீர்களா?

மலேசியாவின் பீடோர் தோட்டத்துப் பஜனைக் குழுவின் தலைவர் பழனியப்பன் இரண்டாவது வகை. அவர் அறிவுரை சொல்லத் தொடங்கினால் அவருக்குப் பசிக்காது, கேட்பவர்களுக்குத்தான் பசிக்கும்.

அது 1988. ஈப்போவில் ரேடியோ கடை வைத்திருந்த அமீர், புதிய டிஜிட்டல் ரெக்கார்டிங் மெஷின் ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து இரவலாகக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் அது திரும்பிப் போய்விடும். தைப்பூசத்துக்குள் குழுவின் கேசட் வெளிவர வேண்டுமானால், இன்றே பதிவு செய்தாக வேண்டும்.

இதுவரை எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி அமர்ந்து வாசிப்பார்கள். இந்த மெஷினுக்கோ நவமணியின் வீணை, ஜெயபாலனின் கிதார், பழனியப்பன் கையில் பிடிக்கும் மைக் என ஒவ்வொன்றிலிருந்தும் தனி ஒயர் நேராக உள்ளே போக வேண்டும்.

தோட்டத்து மண்டபத்தில் ரப்பர் செருப்போடு நின்று ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்த அமீர், வெறுங்காலோடு இருந்த குழுவைப் பார்த்தார்.

"எல்லாரும் செருப்புப் போட்டுக்குங்க."

பழனியப்பன் கொதித்துப்போனார். "முருகன் பாட்டுப்பா! செருப்போடயா பாடுறது?"

"இல்லண்ணே, இந்த ஒயரு..."

"ஒயரு கிடக்கட்டும்! பள்ளிவாசலுக்குள்ள செருப்போட போவியா நீ?"

"போக மாட்டேன். அங்க கிதாரும் இல்லலா. நான் சொல்ல வர்றது..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!"

தொடர்ந்து பணிவைப் பற்றிப் பழனியப்பன் முழங்கிய முழக்கத்தில், கூரையிலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

"போதும்லா அண்ணே," என்றார் நவமணி. "பாட்டைப் பதிய வந்தோமா, உங்க பேச்சைப் பதிய வந்தோமா?"

"இவன் செருப்பைக் கழட்டட்டும். இல்லன்னா மெஷினைத் தூக்கிட்டு ஈப்போவுக்கே போகட்டும்!"

அமீர் அவருடைய வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார்.

பழனியப்பனின் நெஞ்சு விரிந்தது. ஓர் ஆன்மாவைத் திருத்தியாயிற்று!

வெறுங்காலோடு வந்த அமீர் வீணைத் தந்தியைப் புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை; அதன் ஒயர் மரக் குடத்தில்தான் ஒட்டியிருந்தது. கிதாரைத் தொட்டதும் துள்ளினார். பழனியப்பனின் மைக்கைத் தொட்டதும் இன்னும் உயரமாகத் துள்ளினார்.

"என்னப்பா ஆட்டம் இது?"

"தாளம் பார்க்கிறேண்ணே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் அமீர். மெஷினிலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்துப் போய் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். திரும்பி வந்து மறுபடி எல்லாவற்றையும் தொட்டார். இம்முறை துள்ளவில்லை.

"இப்பப் பாடுங்க."

பதிவான பாட்டைப் போட்டுக் கேட்டபோது, வீணையின் ஒவ்வொரு சுரமும் தெளிந்து விழுந்தது.

"பார்த்தியா அமீர்? செருப்பைக் கழட்டினதும் பாட்டுல வந்த தெய்வீகத்தை!"

அமீர் கையைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணே, இந்த மண்டபத்து ஒயரிங் பழசு. கரண்டு கசிஞ்சு மெஷின் வழியா கிதாருக்கும் மைக்குக்கும் வந்திருக்கு. அதான் செருப்புப் போடச் சொன்னேன். இப்ப அது குழாய் வழியா மண்ணுக்குள்ள போயிடும்."

பழனியப்பன் கையிலிருந்த மைக்கை மெல்லக் கீழே வைத்தார். "அதை முழுசாச் சொல்றதுக்கென்னப்பா?"

"சொல்ல விட்டீங்களா?" என்றார் நவமணி.

ஆனாலும் தலைவர் அல்லவா? மிச்சமிருந்த பெருமையை இறுகப் பிடித்துக்கொண்டார். "சரி. என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்துக் கழட்டினியே, அது போதும்."

"அதுக்காகக் கழட்டலண்ணே. செருப்போட தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. வெறுங்காலோட நிக்கிற உங்களை எது அடிக்கும்னு, நானும் வெறுங்காலோட தொட்டாத்தானே தெரியும்?"

அன்பரே, நீங்கள் பாதியில் வாயை அடைத்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நாளைக்கென்று தள்ளாதீர்கள். இன்றே அவரிடம் போய், "அன்று என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, தயவுசெய்து, பேசாமல் இருங்கள்.