அடக்கமான பையன்

"இவ்வளவு அடக்கமான பிள்ளையை நான் பார்த்ததே இல்ல" என்றார் ஸ்கேன் டாக்டரம்மா. ஜில்லென்று ஜெல்லைத் தடவியும் ஐந்து வயதுப் பையன் சிணுங்கவில்லை. விறைத்துப் படுத்திருந்தான், கண் மட்டும் அப்பாவின் இடுப்பு பெல்ட்டிலேயே இருந்தது.

"என் வளர்ப்பு டாக்டர். நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்." அப்பாவுக்குப் பெருமையில் வாயெல்லாம் பல்.

பையனுக்கு விதை இரண்டும் கீழே விதைப்பைக்குள் இறங்கவில்லை. மறுநாள் காலை ஆபரேஷன். அவை எங்கே தங்கியிருக்கின்றன என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

"ரெண்டுமே மேலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"குளிப்பாட்டறப்ப சில நாள் கீழ இருக்கற மாதிரி..." என்று இழுத்தாள் அம்மா.

"வந்துட்டா பெரிய டாக்டர்! வாய மூடிக்கிட்டு நில்லு" என்றார் அப்பா.

மூடிக்கொண்டாள். பழகின வேலைதானே.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். பேச்சு நீண்டது.

கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் பையனின் கைகால் தளர்ந்தது. "ஆன்ட்டி, இந்த டிவியில பொம்மைப்படம் வராதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். டாக்டரம்மாவும் சிரித்தபடி திரையைப் பார்த்தார். இரண்டும் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"இன்னும் முடியலையா?" கதவு திறந்தது. பையனின் சிரிப்பு நின்றது. திரையில் இரண்டும் மேலே ஏறிவிட்டன.

டாக்டரம்மா கருவியை வைத்துவிட்டார். "ஆபரேஷன் வேண்டாம். ரெண்டும் தானாவே கீழ இறங்குது. சர்ஜன்கிட்ட நான் பேசறேன்."

அம்மா அழுதேவிட்டாள். நாளைக்குப் பிள்ளையின் மேல் கத்தி படாது.

"அப்ப ஏன் டாக்டர் மேல ஏறுது?" என்றார் அப்பா.

"சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான். குளிர்ல ஏறும், பயத்துலயும் ஏறும். அது கீழ இறங்கினப்பவும் இந்த ரூம்ல குளிர் இருந்துச்சு, நீங்கதான் இல்ல." டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "பையன் உங்களுக்குப் பயப்படறான். அந்தப் பயத்தை முதல்ல போக்குங்க."

அப்பா தலையாட்டினார். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று சிரித்த முகமாகவே பையனைக் கட்டிலிலிருந்து இறக்கி, வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

கதவு சாத்தியதும் குனிந்து, பெல்ட்டைத் தடவிக்கொண்டே அவன் காதில் சொன்னார்:

"வீட்டுக்கு வா. இன்னைக்கே போக்கிடறேன்."