பங்காளி இல்லை

"பிரேசில்லேர்ந்து வரேங்க. என் பேரும் பிர்காதான். நெல்சன் பிர்கா."

மண் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்தபடி லுட்விக் பிர்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். போலந்தை விட்டுப் பிரேசிலுக்குக் கப்பலேறிய தாத்தாவின் தம்பிக்கு இந்த நிலத்தில் பாதி பாத்தியதை உண்டு. அதைக் கேட்கத்தான் அந்தத் தம்பியின் பேரன் வந்து நிற்கிறான் என்று அவருக்குப் பட்டது.

"ஊருல பாதிப்பேரு பிர்காதான் தம்பி. சிகாகோவுல கூட ஒரு தெரு முழுக்க இருக்கானுங்க. அவனெல்லாம் எனக்குச் சொந்தமா?"

"உங்க வீட்டுலேர்ந்து யாரும் கப்பலேறலியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னய்யா தோண்டித் தோண்டிக் கேக்குற? மாதா மேல சத்தியமா உனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல!"

நெல்சன் பாய்ந்து அவர் கையில் முத்தமிட்டான்.

"இது போதும் மாமா! அங்க வேலைக்கு வந்த உங்க மக ஹலினாவும் நானும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, பூர்வீகமும் இந்த ஊரு. பங்காளியா இருந்தா வேணாம், அப்பா வாயால கேட்டுட்டு வானு அவதான் அனுப்பினா."

லுட்விக் வாயைத் திறந்தார். வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கு வயல் முழுக்கப் பூத்து நின்றது. சொல்ல வந்ததை விழுங்கினார்.

"உள்ள வாங்க மாப்ள," என்றார். "சூப் ஆறிடும்."